எட்டு மணி வண்டியும் சொந்தக் காரும்

சென்ற இதழில், 2025 அக்டோபரில் கோவை அவிநாசி சாலையில் திறக்கப்பட்ட மேம்பாலத்துக்கு ஜி.டி. நாயுடுவின் பெயரைச் சூட்டியது பொருத்தமே என்றும், ஆனால் பேருந்து ஓட்டிப் பேர் வாங்கிய அந்த மனிதரின் பெயரைத் தாங்கும் பாலத்தின் மீது நகரப் பேருந்து நிற்க ஓர் இடம்கூட இல்லை என்றும் இரண்டு வரி எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்கள் மேசை நிறையக் கிடக்கின்றன. பாதிக்கு மேல் திட்டு. ஆகவே இந்த இதழின் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன். சோதிடம், சமையல் கேள்விகள் அனுப்பியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: நாற்பது ஆண்டு உழைத்துச் சேர்த்த பணத்தில் எட்டு லட்சம் ரூபாய்க்குக் கார் வாங்கினேன். ஆயுட்கால வரி கட்டினேன், பெட்ரோலுக்கு வரி கட்டுகிறேன், சுங்கச்சாவடியிலும் கட்டுகிறேன். யாரிடமும் கை நீட்டவில்லை. அரசுப் பேருந்தோ ஆண்டுதோறும் நஷ்டத்தில் ஓடுகிறது. அந்த நஷ்டத்தை என் வரிப்பணத்தில் அடைப்பது என்னங்க நியாயம்?
(ஓய்வுபெற்ற நூற்பாலை மேற்பார்வையாளர், சிங்காநல்லூர்)

பதில்: உங்கள் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். 2023 நவம்பரில் மாற்றப்பட்ட விகிதப்படி, தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்கு ஆயுட்கால வரி 13 சதவீதம். உங்கள் காருக்கு அது 1,04,000 ரூபாய் ஆகிறது. வாங்குகிற நாளில் மொத்தமாக எண்ணி வைக்கும்போது மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் அதையே 15 ஆண்டுகளுக்குப் பிரித்துப் பார்த்தால் மாதம் 580 ரூபாய்கூட வரவில்லை. இனி அந்தக் கார் நிற்கிற இடத்தை அளந்து பார்ப்போம். இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம், ஏறக்குறைய 135 சதுர அடி. நம் பக்கத்துக் கணக்கில் சொன்னால் ஒரு சென்ட் நிலத்தில் மூன்று கார். கிராஸ்கட் சாலையில் பெட்டிக்கடை வைக்க 135 சதுர அடி இடத்தை மாதம் 580 ரூபாய் வாடகைக்கு யாராவது தருவார்களா என்று விசாரித்துப் பாருங்கள். ஆனால் அதே சாலையின் ஓரத்தில் அதே அளவு இடத்தைக் கார் பிடித்துக்கொண்டால் அதை நாம் ஒரு செலவாகவே நினைப்பதில்லை. ஆர்.எஸ்.புரம் டி.பி. சாலையில் மாநகராட்சி பல அடுக்கு நிறுத்தகமே கட்டிவைத்திருக்கிறது. ஆனாலும் கடை வாசலில் ஓர் இடுக்குக் கிடைக்கிறவரை மாடியேறி நிறுத்த நமக்கு மனம் வருவதில்லை. நமக்கு என்றால் எனக்கும்தான்.

மேம்பாலத்துக்கு வருகிறேன். கோல்டுவின்ஸிலிருந்து உப்பிலிபாளையம் வரை 10.1 கிலோமீட்டர், செலவு 1,791 கோடி ரூபாய். அதில் ஓடும் கார் சுங்கம் எதுவும் கட்டுவதில்லை. அந்தப் பணத்தை எந்தக் கணக்குப் புத்தகமும் 'நஷ்டம்' என்ற தலைப்பின் கீழ் எழுதுவதில்லை. வளர்ச்சிப் பணி என்கிறோம். கீழே ஹோப் காலேஜ் நிறுத்தத்தில் மூட்டையோடு நிற்கும் பெண்ணை ஏற்றிக்கொண்டு போகிற பேருந்துக்கு ஆகிற டீசல் மட்டும் நஷ்டக் கணக்கில் ஏறிவிடுகிறது. மேம்பாலமே வீண் என்று நான் சொல்லவில்லை. அதன் மீது நானும் போயிருக்கிறேன், நேரம் மிச்சமானதை மறுக்க மாட்டேன். அரசு உங்கள் காருக்கும் செலவழிக்கிறது, அந்தச் செலவு உங்கள் கண்ணில் படுவதில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது.

பேருந்து ஏன் நஷ்டத்தில் ஓடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அதன் கட்டணத்தை முடிவு செய்வது போக்குவரத்துக் கழகமல்ல, அரசு. நகரப் பேருந்தின் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய் என்றானது 2018 ஜனவரியில்; புறநகர் சாதாரணப் பேருந்துக்குக் கிலோமீட்டருக்கு 60 பைசா என்று உயர்த்தி, எதிர்ப்பு கிளம்பியதும் 58 ஆக்கினார்கள். அப்போது சென்னையில் டீசல் லிட்டர் 66 ரூபாய் அளவில் இருந்தது. பிறகு 90 ரூபாயைத் தாண்டிப் போய்விட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசப் பயணம், ஆள் குறைந்த கிராமத்துக்கு ஒரு காலை நடை, ஒரு மாலை நடை என்று லாபம் பார்க்கிற எவரும் எடுக்காத வேலைகளையெல்லாம் அதன் தலையில் கட்டிவிட்டு, ஆண்டு முடிவில் லாபம் எங்கே என்று கேட்பது சம்பளம் கொடுக்காமல் சேமிப்பு எவ்வளவு என்று கேட்பது போன்றது. இதைச் சொல்வதால், பழுதாகிப் பணிமனையில் வாரக்கணக்கில் நிற்கிற வண்டியையும், ஆளில்லாமல் ரத்தாகிற நடையையும், மழை வந்தால் உள்ளேயே குடை பிடிக்க வைக்கிற கூரையையும் நான் சமூக சேவை என்று பூசி மெழுகப்போவதில்லை. அந்த நஷ்டத்துக்கு நிர்வாகம் கணக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

இன்னொரு கணக்கு. நெரிசல் நேரப் பேருந்தில் 60 பேர் போகிறார்கள், அதன் நீளம் 12 மீட்டர். அதே 60 பேரும் காருக்கு ஒன்றரை ஆள் வீதம் கிளம்பினால் 40 கார்; ஒரு காருக்கு நான்கு மீட்டர், முன்னால் இரண்டு மீட்டர் இடைவெளி என்று கணக்கிட்டால் 240 மீட்டர் நீளத்துக்கு வரிசை நிற்கும். லட்சுமி மில்ஸ் சிக்னலில் நீங்கள் சலித்துக்கொண்டு நிற்கும்போது உங்கள் முன்னால் நிற்பது அந்த வரிசைதான். பேருந்தில் போகிற ஒவ்வொருவரும் உங்களுக்கு வழிவிட்டவர் என்று வைத்துக்கொண்டால், அவருக்காகச் செலவாகும் வரிப்பணத்தில் உங்களுக்கும் பங்கு வந்து சேர்கிறது.

கேள்வி: எங்கள் தாத்தா காலத்தில் பொள்ளாச்சிப் பக்கம் தனியார் பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தில் நேரம் திருத்துவார்களாம். அரசு எடுத்த பிறகுதான் எல்லாம் கெட்டது. மொத்தத்தையும் மறுபடி தனியாரிடமே கொடுத்துவிட்டால் என்ன?
(தேங்காய் வியாபாரி, பொள்ளாச்சி)

பதில்: உங்கள் தாத்தா சொன்னதை நம்புகிறேன். 1920இல் ஜி.டி. நாயுடு ஒரே ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டத் தொடங்கினார். அந்த ஒற்றை வண்டியிலிருந்து யு.எம்.எஸ். என்ற பேருந்து நிறுவனம் வளர்ந்தது. உங்கள் ஊரிலேயே நாச்சிமுத்துக் கவுண்டர் நிறுவிய ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட், ஏ.பி.டி. என்ற மூன்றெழுத்தில், கொங்கு நாட்டுக்கே தெரிந்த பெயராயிற்று. கரூரில் பேருந்துக் கூடு கட்டும் பட்டறைகளும், நாமக்கல்லில் லாரித் தொழிலும் தழைத்த இந்த மண்ணுக்கு வண்டி ஓட்டும் தொழிலை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அரசு தடங்களை எடுத்து 1972இல் கோவையைத் தலைமையிடமாகக் கொண்டு சேரன் போக்குவரத்துக் கழகத்தை அமைத்தபோது, தொழில் தெரிந்தவர்களின் கையிலிருந்துதான் அது தொடங்கியது. (1997இல் கழகங்களுக்குச் சூட்டியிருந்த மன்னர், தலைவர் பெயர்களெல்லாம் நீக்கப்பட்டபோது சேரனும் போனார், ஈரோட்டு ஜீவாவும் போனார், எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் 'சேரன் பஸ்' என்றுதான் சொல்கிறார்கள்.)

ஆனால் அந்த நாளில் நேரந்தவறாமல் வந்த வண்டி எந்த ஊருக்கு வந்தது என்று தாத்தாவிடம் யாராவது கேட்டிருக்க வேண்டும். கூட்டம் உள்ள தடத்தில் வந்தது. ஆனைமலை அடிவாரத்துச் சாளைகளில், அதாவது தோட்டத்துக் குடிசைகளில், இருந்தவர்கள் பெரும்பாலும் நடந்தார்கள், அல்லது மாட்டு வண்டி பூட்டினார்கள்.

முற்றிலும் தனியாரிடம் விட்டுப் பார்த்த நாடு ஒன்று உண்டு. பிரிட்டன், 1985இல் இயற்றிய சட்டத்தின்படி, லண்டனைத் தவிர்த்த மற்றப் பகுதிகளில் 1986 அக்டோபர் முதல் பேருந்துத் தொழிலைத் திறந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் எந்தத் தடத்திலும் தாமே கட்டணம் வைத்து ஓட்டலாம். போட்டி வந்தால் சேவை பெருகும் என்றார்கள். மான்செஸ்டரில் நடந்தது என்னவென்றால், லாபத் தடத்தில் பேருந்து மேல் பேருந்தாக முட்டிக்கொண்டு நின்றது, மற்றப் பகுதிக்கு ஆள் தேட வேண்டியிருந்தது, ஒரு நிறுவனத்தின் சீட்டை மற்றொன்று ஏற்கவில்லை. கடைசியில் 2023 செப்டம்பரில் தொடங்கி 2025 ஜனவரிக்குள் அந்த மாநகரம் பேருந்துகளைத் திரும்பத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. இதில் கவனிக்க வேண்டியது, ஓட்டுவது இன்றும் தனியார் நிறுவனங்கள்தான் என்பது. தடம், நேரம், கட்டணம், வண்டியின் நிறம் ஆகியவற்றை மட்டும் பொது அமைப்பு முடிவு செய்கிறது.

நம் ஊரில் தனியார் பேருந்து ஏறியவர்களுக்கு இந்தப் பாடம் எளிதில் விளங்கும். வண்டி நிலையத்தில் ஆள் சேரும்வரை உறுமிக்கொண்டே அசையாது. கிளம்பிவிட்டாலோ முன்னால் போகிற வண்டியைப் பிடிக்கிற வேகத்தில் பறக்கும். "உங்க டைம் எட்டு அஞ்சுங்க, இப்ப மணி எட்டு ஏழு, எடுங்க வண்டிய" என்று இரண்டு நடத்துநர்கள் நிலையத்தில் மல்லுக்கு நிற்பதை நானே எத்தனையோ முறை வேடிக்கை பார்த்திருக்கிறேன். இரண்டு நிமிடத்துக்குச் சண்டை, ஏனென்றால் இரண்டு நிமிடத்தில் நிறுத்தத்தில் சேரும் பத்துப் பேர்தான் அன்றைய கலெக்‌ஷன். நடத்துநரின் வருமானம் ஏறுகிற ஆளைப் பொறுத்தது என்றால் அவர் அப்படித்தான் நடந்துகொள்வார். அதற்கு அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று அரசு ஒப்பந்தம் போட்டு, சீட்டுப் பணத்தைத் தானே எடுத்துக்கொண்டால் அந்தச் சண்டைக்குக் காரணமே இல்லாமல் போகிறது. சென்னையில் 2025 ஜூன் முதல் ஓடும் மின்சாரப் பேருந்துகள் இந்த முறையில்தான் வந்தன. தொழிற்சங்கங்கள் இதைப் புறவாசல் வழித் தனியார்மயம் என்கின்றன. ஓட்டுநருக்குக் கிடைக்கும் சம்பளம், ஓய்வூதியம் பற்றிய அவர்களுடைய அச்சத்தைப் புறந்தள்ள முடியாது. ஒப்பந்தத்தில் அதற்கும் ஒரு வரி வேண்டும், நேரந்தவறினால் தண்டம் என்பதற்கும் ஒரு வரி வேண்டும். நல்ல ஒப்பந்தம் எழுதத் தெரிந்த அரசுக்கு மட்டுமே இந்த வழி உதவும்.

கேள்வி: பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். எனக்குப் பஸ் இலவசம்தான். ஆனால் வருகிற நேரம் தெரிவதில்லை, வந்தாலும் சில நாள் நிற்பதில்லை. தவணையில் ஸ்கூட்டி எடுக்கலாம் என்றிருக்கிறேன். இலவசப் பஸ்ஸை விட்டுவிட்டுக் கடன் வாங்குவது முட்டாள்தனம் என்கிறார் வீட்டுக்காரர். நீங்களே சொல்லுங்கள்.
(வாசகி, பல்லடம்)

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை 7.10 மணிக்குப் பல்லடம் திருப்பூர் சாலையில் ஒரு நிறுத்தத்தில் போய் நின்றேன். பதினொரு பெண்கள் இருந்தார்கள். தூக்குப்போசியை இடுப்பில் அணைத்தபடி ஒருவர், பிள்ளையின் பள்ளிப் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஒருவர். வண்டி எப்போது வரும் என்று கேட்டேன். "வருமுங்க. எப்பன்னுதான் சொல்ல முடியாதுங்க" என்றார் போசிக்காரம்மா. 7.20க்கு வர வேண்டியது வரவில்லை. 7.50க்கு ஒன்று வந்தது. படியில் தொங்கியவர்களோடு நிறுத்தத்தைத் தாண்டி ஐம்பது அடி தள்ளிப்போய் நின்றது. ஓடிப் பிடித்தவர்கள் ஐந்து பேர். இரண்டு நிமிடங்கூட ஆகவில்லை, பின்னாலேயே இன்னொன்று, பாதி இருக்கை காலியாக. எட்டரைக்குள் கம்பெனி கேட்டைத் தாண்டாவிட்டால் அரை ஷிப்ட் போய்விடும் என்று அதில் ஏறிய பெண் சொன்னார்.

இரண்டு வண்டி ஒட்டிக்கொண்டு வருவதில் சூழ்ச்சி ஒன்றும் இல்லை. முதல் வண்டி ஐந்து நிமிடம் பிந்தினால் அடுத்த நிறுத்தத்தில் அந்த ஐந்து நிமிடத்துக்கான ஆள் கூடுதலாகச் சேர்ந்திருப்பார்கள். அவர்களை ஏற்ற இன்னும் பிந்தும். பின்னால் வருகிற வண்டிக்கு ஆளே மிஞ்சாததால் அது வேகமாக வந்து முன்னதைப் பிடித்துவிடும். இதைச் சரிசெய்ய நடுவழியில் நேரங்காட்டும் ஆள் ஒருவரும், இரண்டாவது வண்டியைச் சற்று நிறுத்திவைக்கும் அதிகாரமும் போதும். முன்பு நேரக் காப்பாளர்கள் குறிப்பேட்டோடு நின்று இந்த வேலையைச் செய்தார்கள்.

2021 மே மாதம் தொடங்கிய மகளிர் இலவசப் பயணத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு கூறியது. குறைந்த பணமல்ல, அந்தத் திட்டத்தை ஓசி என்று ஏளனம் செய்கிறவர்கள் ஒரு வாரம் செக்கிங் மேசையில் நின்று பார்க்கலாம். ஆனால் மாதத்தில் மூன்று நாள் அரை ஷிப்ட் போனாலே அந்த மிச்சத்தில் பெரும் பகுதி கரைந்துவிடும். சீட்டின் விலையைச் சுழியாக்கிய அரசு, காத்திருப்பின் விலையைக் கணக்கில் எடுக்கவில்லை.

அந்த விலையைக் கணக்கில் எடுத்த பொருளியல் அறிஞர் ஹெர்பர்ட் மோரிங். அவர் தம் கட்டுரையை வெளியிட்டது 1972இல், நம் சேரன் பிறந்த அதே ஆண்டில். அவர் சொன்னது எளிமையானது. அரை மணிக்கு ஒரு பேருந்து என்றால் பயணி சராசரியாகக் கால் மணி நேரம் காத்திருக்கிறார். ஆள் கூடி, கால் மணிக்கு ஒன்றாக விட்டால், புதிதாக வந்தவர்களுக்கு மட்டுமன்றி ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்த அனைவருக்கும் காத்திருப்பு பாதியாகக் குறைகிறது. இந்த நன்மை எந்தச் சீட்டின் விலையிலும் வந்து சேர்வதில்லை. அதனால்தான் அரசு மானியம் தருவதற்கு இங்கே வலுவான காரணம் இருக்கிறது. தலைகீழாகவும் இது நடக்கும்: நீங்கள் ஸ்கூட்டிக்குப் போவீர்கள், ஆள் குறைந்தது என்று ஒரு நடையை நிறுத்துவார்கள், உங்கள் தோழிக்குக் காத்திருப்பு கூடும், அவரும் கடைக்குப் போய் வண்டி விலை கேட்பார்.

உங்கள் கேள்விக்குப் பதில்: வண்டியை எடுங்கள். ஊர் நன்மைக்காக உங்கள் அரை ஷிப்டைத் தியாகம் செய்யச் சொல்லும் உரிமை எனக்கில்லை. ஓவர்டைம் முடிந்து இரவு எட்டு மணிக்கு மேல் இருட்டில் நிறுத்தத்தில் நிற்பதைப் பற்றி உங்கள் வீட்டுக்காரர் ஒரு வரியும் சொல்லவில்லை என்பதையும் கவனித்தேன். தலைக்கவசம் நல்லதாக வாங்குங்கள்.

கேள்வி: கோவை மெட்ரோவை மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டது. மக்கள்தொகை போதாதாம். ஆக்ராவுக்கு உண்டு, நமக்கு இல்லையா?
(மென்பொருள் பொறியாளர், சரவணம்பட்டி)

பதில்: கோபம் நியாயமானது. அவிநாசி சாலையிலும் சத்தி சாலையிலுமாக ஏறத்தாழ 35 கிலோமீட்டருக்கு, 10,740 கோடி ரூபாயில் திட்டமிடப்பட்ட மெட்ரோ, 2025 நவம்பரில் திரும்பி வந்தது. 2017ஆம் ஆண்டின் மெட்ரோ கொள்கை 20 லட்சம் மக்கள்தொகையை எதிர்பார்க்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி நமக்கு அது இல்லை என்றார்கள். அதே கணக்கெடுப்பில் கோவை நகரத் திரள், அதாவது சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்த பகுதி, 21 லட்சத்தைத் தாண்டியிருந்தது. எங்கே கோடு போடுகிறோம் என்பதைப் பொறுத்து ஊர் பெரிதாகவும் சிறிதாகவும் ஆகிறது.

இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். மெட்ரோ நாளைக்கே ஒப்புதல் பெற்றாலும் ரயில் ஓடப் பல ஆண்டுகள் ஆகும். சரவணம்பட்டியிலிருந்து காந்திபுரத்துக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து விடவும், நெரிசல் நேரத்தில் அதற்கென ஒரு தடத்தை ஒதுக்கவும் டெல்லியின் அனுமதி தேவையில்லை. பேருந்துத் தடம் ஒதுக்குவது எளிது என்று சொல்லவில்லை. டெல்லியில் 2008இல் தொடங்கியதை, கார் வைத்திருந்தவர்களின் எதிர்ப்புக்குப் பிறகு 2016இல் இடித்தே போட்டார்கள். அகமதாபாத்தில் 2009இல் தொடங்கியது நிலைத்தது. நம் சத்தி சாலையின் அகலத்தைப் பார்த்தால் எனக்கே சந்தேகம் வருகிறது, ஆனாலும் காலை இரண்டு மணி நேரம் சோதித்துப் பார்க்கலாம். வாகனங்களை அன்றி மனிதர்களைக் கொண்டுசேர்ப்பதே குறிக்கோள் என்று 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையே சொல்லியிருக்கிறது. தாளில் இருக்கிறது.

கேள்வி: இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் கார் வைத்திருக்கிறீர்களா?
(வாசகர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: இருக்கிறது. பத்து வருடப் பழசு. அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போகவும், கல்யாண வீடுகளுக்கும். மற்ற நாள்களில் வாசலில் 135 சதுர அடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

கேள்வி: எங்கள் ஊருக்குக் காலை எட்டு மணிக்கு வந்த டவுன் பஸ் ஆறு மாதமாக வருவதில்லை. பள்ளிப் பிள்ளைகள் இரண்டு கிலோமீட்டர் நடந்து மெயின் ரோட்டுக்குப் போகிறார்கள். யாரிடம் சொல்வது?
(ஊராட்சி வார்டு உறுப்பினர், காங்கேயம் வட்டம்)

பதில்: மூன்று வழியிலும் ஒரே சமயத்தில் போங்கள். கிராம சபையில் தீர்மானம் போட்டு, அதன் நகலோடு திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனுக் கொடுங்கள். வட்டாரப் போக்குவரத்து ஆணையத்தின் தலைவர் என்ற முறையில் தனியார் பேருந்துகளின் தடமும் நேரமும் அவர் பார்வைக்கு வருபவைதான். அதே வாரத்தில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தோடு, கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 'பேருந்து ஏன் வரவில்லை' என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. தடம் எண்ணைக் குறிப்பிட்டு, கடந்த ஆறு மாதத்தில் மாதவாரியாகத் திட்டமிட்ட நடைகள் எத்தனை, ஓடிய நடைகள் எத்தனை, ரத்தானவற்றுக்கு எழுதப்பட்ட காரணம் என்ன என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். மூன்றாவதாக, புதிய சிற்றுந்துத் திட்டத்தில் 25 கிலோமீட்டர் வரை தடம் கேட்கலாம். பேருந்து இல்லாத ஊர்களை இணைப்பதே அதன் நோக்கம் என்பதால், வண்டி எடுக்கத் தயாராக உள்ள ஒருவரைப் பக்கத்திலேயே தேடிப் பிடியுங்கள்.

அதுவரை, எட்டு மணிக்கு மெயின் ரோட்டில் நிற்கிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒரு நோட்டில் நாள்தோறும் எழுதி வையுங்கள். பதில் வந்ததும் அந்த நோட்டையும் சேர்த்து எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள்.